அடுப்புப் புகை நஞ்சுக்கொடி வரை போகிறதா?

கேள்வி இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் இளைஞர் ஒருவருடையது. மனைவிக்கு இது நான்காம் மாதம், முதல் பிள்ளை. லயத்து வரிசை வீடு, விறகடுப்பு, விடாத மழை. அடுப்பு மூட்டும்போதெல்லாம் மனைவிக்கு இருமல் வருகிறது. "காற்று மாசு நஞ்சுக்கொடிக்குள் கரியாகப் படிகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தோம். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. இது உண்மையா? பிள்ளைக்கு என்ன ஆகும்? நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, காணொளியில் சொன்னது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட பொருள் சரியல்ல. நஞ்சுக்கொடியில் கரித்துகள் காணப்படுகிறது என்பதற்கு உங்கள் பிள்ளை பழுதாகிவிட்டது என்று பொருள் கிடையாது. புகை ஒரு ஆபத்துக் காரணி. இரத்தசோகை, இரத்த அழுத்தம், போதாத சாப்பாடு ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய ஒன்று. குறைக்கக்கூடிய ஒன்றும்கூட. மனைவியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கண்டுபிடிக்கப்பட்டது என்ன என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். 2019 இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரசவத்துக்குப் பின் பெற்ற நஞ்சுக்கொடிகளை விசேட ஒளி நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார்கள். எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கருங்கரித் துகள்கள், நஞ்சுக்கொடியின் தாய்ப் பக்கத்தில் மட்டுமல்ல, பிள்ளைப் பக்கத்திலும் இருந்தன. காற்று அதிகம் மாசுபட்ட இடத்தில் வாழ்ந்த தாய்மாரின் நஞ்சுக்கொடியில் ஒரு கன மில்லிமீற்றருக்குச் சராசரியாக ஏறத்தாழ 20,900 துகள்கள். மாசு குறைந்த இடத்தில் வாழ்ந்தவர்களிடம் ஏறத்தாழ 9,500. 2022 இல் இதே குழு ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்னொரு படி போனது. கருவிலிருக்கும் சிசுவின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் அந்தத் துகள்களைக் கண்டது.

இந்தத் தாய்மார் விறகடுப்பின் முன் குந்தியவர்கள் அல்லர். ஐரோப்பாவின் ஒழுங்கான நகரங்களில், தெருக் காற்றை மட்டும் சுவாசித்தவர்கள். அப்படியானால் நம் வீட்டு அடுப்பங்கரையை நினைத்து நெஞ்சு பதறுவது இயல்புதான். ஆனாலும் அந்த ஆய்வுகள் துகள் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் காட்டினவே தவிர, போய்ச் சேர்ந்த துகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன செய்தது என்பதைக் காட்டவில்லை. இவை இரண்டும் வேறு வேறு.

தீங்கு நடக்கும் வழிகளைப் புரிந்துகொள்ள நஞ்சுக்கொடியைக் கொஞ்சம் அறிய வேண்டும். நிறைமாதத்தில் அது சுமார் அரைக் கிலோ எடையுள்ள, தட்டையான வட்ட உறுப்பு. தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் அங்கே கலப்பதில்லை. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு தடுப்புக்கு இரு பக்கமும் ஓடுகின்றன. ஒட்சிசனும் சத்தும் அதன் வழியே பிள்ளைக்குப் போகின்றன. கழிவு திரும்பி வருகிறது. இதற்காக நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கான பாதை கர்ப்பத்தின் முதல் பாதியில் போடப்படுகிறது. கருப்பைச் சுவரின் சுருண்ட நாடிகள் தங்கள் இறுக்கத்தை விட்டு அகன்ற குழாய்களாக மாறும் காலம் அது. மாற்றம் குறைப்பட்டால் பின்னால் பிள்ளைக்கு இரத்தம் போதாமல் போகலாம்; தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறலாம்.

புகையிலுள்ள 2.5 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த நுண்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்குவதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. அங்கே அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சி இரத்தம் வழியாக உடல் முழுவதும் பரவி, இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. நுண்துகளில் மிகச் சிறியவை தாங்களே இரத்தத்தில் கலக்கின்றன. ஹாசெல்ட் குழுவினர் முன்பே செய்த இன்னொரு ஆய்வில், மாசு கூடிய இடங்களில் வாழ்ந்த தாய்மாரின் நஞ்சுக்கொடிக் கலங்களில், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளின் மரபணுப் பொருள் குறைந்திருந்ததையும் கண்டார்கள்.

விறகடுப்பு வீட்டில் துகளைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற வாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தாயின் இரத்தத்தில் ஒட்சிசனுக்கான இடத்தை இது அடைத்துக்கொண்டால் பிள்ளைக்குப் போவது குறையும். அதோடு, இது நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையின் இரத்தத்திலும் ஏறும். அங்கே மெதுவாக ஏறி, மெதுவாகத்தான் இறங்கும். தாய் வெளியே வந்து நல்ல காற்றை இழுத்துத் தெளிந்த பிறகும், பிள்ளையின் உடலில் அது இன்னும் சில மணி நேரம் தங்கியிருக்கும்.

இதையும் இரத்தசோகையையும் சேர்த்துப் பாருங்கள். நம் தோட்டத்துப் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பது கிளினிக்குக்குப் போன எவருக்கும் தெரியும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் குறைந்த உடலில், இருப்பதிலும் ஒரு பங்கைப் புகை பிடித்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? புகையின் தீமையைக் குறைப்பதற்கு, அடுப்பைத் தொடாமலே செய்யக்கூடிய முதல் வேலை இரத்தசோகையைத் தீர்ப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. நுவரெலியா, நானுஓயா பக்கத்துக் குளிருக்குச் சிலர் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தணலில் புகை தெரியாது. காபனோரொட்சைட்டு வந்துகொண்டே இருக்கும். இது நஞ்சுக்கொடி பற்றிய கவலை அல்ல, உயிர் பற்றியது. யாரும் செய்யக்கூடாது; கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒருபோதும் செய்யக்கூடாது. மூடிய அறையில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் மசக்கை என்று படுத்துவிடாமல் உடனே வெளியே வர வேண்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சமையல் புகை நஞ்சுக்கொடியையே மாற்றுகிறதா என்பதற்கு நேரடியான ஓர் ஆய்வு இருக்கிறது. தன்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில், விறகும் கரியும் மண்ணெண்ணெயும் எரித்துச் சமைக்கும் பெண்களிடம் அவர்கள் சுவாசித்த மாசை அளந்து, பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியைப் பரிசோதித்தார்கள். 2017 இல் வெளியான முடிவு: மாசு கூடியவர்களின் நஞ்சுக்கொடியில், பிள்ளைப் பக்க இரத்தக் குழாய்களில் அடைப்பின் அடையாளங்கள் கூடுதலாகத் தெரிந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான ஆய்வு.

இனி பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி. காற்று மாசோடு தொடர்புபட்டு மீண்டும் மீண்டும் தெரியவருபவை இரண்டு: எடை குறைந்த பிறப்பு, அதாவது 2,500 கிராமுக்குக் கீழே; மற்றது 37 வாரம் நிறையும் முன் பிறப்பது. செத்துப் பிறத்தலோடும் தாயின் இரத்த அழுத்தத்தோடும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உண்டு. காற்று சுத்தமானால் நிலை மாறுகிறதா என்பதற்கு நல்ல சான்று பீஜிங். 2008 ஒலிம்பிக் போட்டிக்காக அந்த நகரம் தொழிற்சாலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்திய வாரங்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள், முந்திய, பிந்திய ஆண்டுகளின் அதே காலத்துப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதலாக இருந்தார்கள்.

23 கிராம் என்றால் எவ்வளவு சிறிது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பதுதான் உங்கள் மனைவிக்கு இப்போது தேவை. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு, நுண்துகள் ஒரு கன மீற்றருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை ஏறக்குறைய 4 கிராம் குறைகிறது என்று கணித்தது. அதன் பிறகு பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில், விறகு போன்றவற்றால் சமைக்கும் சுமார் 3,200 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினமும் விழுப்புரமும் இதில் இருந்தன. விறகில் தொடர்ந்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் நடுத்தரமாக 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, எரிவாயு பெற்றவர்களுக்கு அது 24 ஆக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் ஒரு நாளுக்கென விதித்த வரம்பு 15. ஆக, மாசு நன்றாகவே குறைந்தது. பிறப்பு எடையில் வித்தியாசமோ 20 கிராம் அளவுதான். அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று 2022 இல் அறிவித்தார்கள்.

இந்த முடிவைச் சிலர், 'புகையால் ஒன்றுமில்லை' என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. முந்திய ஆய்வின் கணக்குப்படி 46 மைக்ரோகிராம் குறைந்தால் எதிர்பார்க்க வேண்டியதே 18, 19 கிராம்தான். கிடைத்ததும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அடுப்பு மாறியது ஒன்பதாம் வாரத்துக்குப் பின்பே, பலருக்கு நான்காம், ஐந்தாம் மாதத்தில். நஞ்சுக்கொடியின் அடித்தளம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம்: ஒரு தனிப் பிள்ளைக்குப் புகை மட்டும் செய்யும் எடைக்குறைவு சிறிது. ஆகவே பயந்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதேநேரம் எரிவாயு வாங்கிவிட்டோம், இனி எல்லாம் சரி என்றும் இருந்துவிட வேண்டாம். எடை குறைந்த பிள்ளைகள் நாட்டின் சராசரியைவிடத் தோட்டப்புறத்தில் அதிகம். அதற்குத் தாயின் உயரம், பெண் பிள்ளைகள் சிறுவயது முதல் சாப்பிட்ட சாப்பாடு, இரத்தசோகை, கர்ப்பத்திலும் கூடை சுமக்கும் வேலை, இவற்றோடு புகை என்று பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. சேர்ந்து வந்தவற்றைச் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும்.

மலையகத்தின் காற்று சுத்தமானது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். கொழுந்து மலையில் நிற்கும்போது பெரும்பாலும் அது உண்மை. கண்டி நகரம் அப்படியல்ல. சுற்றிலும் மலை, ஒடுங்கிய வீதி, ஊர்ந்து போகும் பஸ்கள், எனவே புகை வெளியேற வழியில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியத் தரைப்பகுதியின் மாசு நம் நாட்டுக்கு வருவதும் உண்டு. 2022 டிசம்பரில் நாடு முழுக்க அதைக் கண்டோம். ஆனாலும் தோட்டத்துக் கர்ப்பிணி சுவாசிக்கும் மாசில் பெரும் பங்கு அவளுடைய வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது.

லயத்து வீடு என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, அதாவது ஓர் அறை. அதையொட்டி அடுப்பங்கரை, தாழ்ந்த தகரக் கூரை, ஒரு சின்ன ஜன்னல், அதையும் குளிருக்காகச் சாக்கு வைத்து மூடியிருப்பார்கள். எரிப்பது மிலாறு, அதாவது தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகள். ஆனி, ஆடி மழையில் அது காய்வதில்லை. ஈர மிலாறு பற்றாது. பற்ற வைக்க ஷொப்பிங் பேக், பிறகு கொஞ்சம் மண்ணெண்ணெய், பிறகு ஊதாங்குழலை எடுத்துக் குனிந்து ஊதல். கூடுதல் புகை வருவது இந்த முதல் பதினைந்து இருபது நிமிடங்களில்தான். ஊதுகிறவரின் முகம் அடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. ஊதியதும் ஆழமாக இழுப்பதும் அந்தப் புகையைத்தான்.

ஆகவே, நாளைக் காலையிலிருந்து அடுப்பு மூட்டுவது உங்கள் வேலை. அம்மாவிடம் தள்ளிவிடாதீர்கள், அவர் இத்தனை காலம் சுவாசித்தது போதும். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போகும் முன் எழுந்து நீங்கள் மூட்டுங்கள். தணல் பிடித்துப் புகை அடங்கிய பிறகு உங்கள் மனைவி உள்ளே வரட்டும். இதற்குப் பணம் வேண்டாம், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டாம். செய்யக்கூடிய எல்லாவற்றிலும் இதுவே பெரியது என்பது என் எண்ணம்.

மிலாறைச் சிறிதாக வெட்டி, மழை படாத இஸ்தோப்பு (முன் திண்ணை) ஓரத்தில், காற்று புகும்படி அடுக்குங்கள். இன்று வெட்டியது அடுத்த மாதங்களுக்கு. பொலித்தீன், பிளாஸ்டிக், இறப்பர்ச் செருப்புத் துண்டு எதையும் அடுப்பில் போடாதீர்கள். அந்தப் புகையின் நஞ்சு வேறு வகை. சந்தையில் கிடைக்கும் அனகி களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும், எரியும் நேரத்தைக் குறைக்கும். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது, எனவே அது மட்டும் போதாது. அடுப்பங்கரைச் சுவரைப் பாருங்கள்: ஓர் உயரத்துக்கு மேலே கரி தடித்துப் படிந்திருக்கும், கீழே வெளுத்திருக்கும். சூடான புகை கூரையடியில் தேங்கி அந்த உயரம் வரை இறங்கி நிற்கிறது. வெளியேற்றும் வழி கூரைக்குக் கீழே, அந்தக் கரிப் பகுதியில்தான் இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே ஒரு தகரக் குழாய் கூரையைத் தாண்டிப் போனால் மிக நல்லது. அது முடியாவிட்டால் கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு திறப்பு, எதிர்ப்பக்கத்தில் திறந்த கதவு. மழை இல்லாத நாளில் வெளியே மூன்று கல் கூட்டிச் சமைப்பதும் நல்ல யோசனையே.

மின்சாரம் இருக்கிறதென்றால் சோற்றுக்கு ரைஸ் குக்கர், தண்ணீருக்குக் கேத்தல். குளிக்க வெந்நீர் வைப்பதிலும் மலையகத்து விறகு போகிறது என்பதை மறக்க வேண்டாம். பழைய லயத்து வயரிங் தாங்குமா என்று தெரிந்தவரைக் கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். பருப்பை, கடலையை ஊறவைத்துச் சமைத்தால் அடுப்பு எரியும் நேரம் குறையும். எரிவாயு வாங்க முடிந்தால் வாங்குங்கள். 2022 இல் 12.5 கிலோ சிலிண்டர் 4,000 ரூபாவைத் தாண்டியபோது எத்தனை வீடுகள் விறகுக்குத் திரும்பின என்பது எனக்குத் தெரியும். நாட்சம்பளக்காரரிடம் போய் 'எரிவாயு வாங்கவில்லையா' என்று கேட்க எனக்கு மனம் வராது. துணி முகக்கவசம் இந்த நுண்துகளைத் தடுக்காது. அதை நம்பி அடுப்பின் முன் உட்கார வேண்டாம். நீங்களோ வீட்டில் வேறு எவருமோ பீடி, சிகரெட் பிடிப்பதென்றால் அதை இன்றோடு வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்கும் இத்தனை வருடங்களில், 'புகையில் நின்றதால் என் பிள்ளை சிறுத்துவிட்டதா டொக்டர்?' என்று குற்றவாளிபோல் தலைகுனிந்து கேட்ட தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அந்த அடுப்பங்கரையை அவர்கள் கட்டவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் கூலிகளை அடைத்துவைக்கக் கட்டிய வரிசை வீடுகளில், இன்னமும் மனிதர் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் அடுப்பங்கரையைத் தள்ளிக் கட்ட முடிகிறது. கிடைக்காதவர்களே அதிகம். லயத்துக்குப் புகைபோக்கி வைப்பது தோட்ட நிர்வாகத்துக்குத் தாங்க முடியாத செலவு அல்ல. உங்கள் லயத்தில் இன்னும் இரண்டு கர்ப்பிணிகள் இருந்தால் மூன்று குடும்பமும் சேர்ந்து, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரையும் அழைத்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு பிரதி கொடுங்கள். இதைக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கிளினிக் விடயத்துக்கு வருகிறேன். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு குடிக்கக் கூடாது. தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. தேத்தண்ணீருக்கும் மாத்திரைக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் கொடுங்கள். இது சின்ன விடயம் போலத் தெரியும். நாளுக்கு ஐந்தாறு முறை தேத்தண்ணீர் குடிக்கும் நம்மிடையே மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கிடைத்தால் அது தாய்க்கு. வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட வேண்டாம். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு, கிளினிக் கார்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தமும் வயிற்றின் உயரமும் பார்க்கப்படுகின்றனவா என்று கவனியுங்கள். நஞ்சுக்கொடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை வெளியிலிருந்து அறியும் வழி பிள்ளையின் வளர்ச்சிதான். ஸ்கானில் கரித்துகள் தெரியாது, அதற்கென்று தனிப் பரிசோதனையும் வேண்டியதில்லை. விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், இரத்தம் படுதல், பின் மாதங்களில் பிள்ளையின் அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுப்பு மூட்டும்போது வரும் இருமல், புகையிலிருந்து விலகியும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் இது முடிவதில்லை. தொட்டிலை அடுப்பங்கரைக்கு அடுத்த சுவரில் கட்டாமல் முன்பக்கம் கட்டுங்கள். குளிப்பாட்டியபின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். பாட்டி கேட்பார், மறுப்பது கஷ்டமாக இருக்கும். அந்தப் புகையும் புகைதான். பிள்ளையின் நுரையீரல் அப்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறது என்று சொல்லி, தலையைத் துணியால் ஒற்றித் துடைத்தால் போதும் என்று அவரிடம் தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.